கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கார்

இரண்டு கைகள்... ஒரே ஒரு பாட்டில்.

வடசேரியில் ஓமனா அக்காவின் ஃபேன்சி ஸ்டோரில், கண்ணாடி அலமாரியின் மூன்றாவது தட்டில் இருந்த அந்த நெயில் பாலிஷை ரெஜிலா தொட்ட அதே நொடியில் இன்னொரு கையும் தொட்டது. கத்தரிப்பூ நிறம். வெளிச்சத்தில் சாய்த்தால் ஓரத்தில் பச்சையாக மினுங்கும். அந்த நிறத்துக்காக அவள் மூன்று வாரமாக நாகர்கோவில் முழுக்க அலைந்திருக்கிறாள். விடுவாளா?

நிமிர்ந்து பார்த்தாள். மழையில் பாதி நனைந்த சட்டை, நெற்றியில் ஒட்டிக்கொண்ட முடி... பிறகு அந்தக் கண்கள். எதையும் கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்த்தே பழகிய கண்கள். அவளையும் அப்படித்தான் பார்த்தன. ரெஜிலாவுக்குக் காது சூடாகிவிட்டது.

"நான்தான் ஆத்தியம் எடுத்தேன்" என்றான்.

"தொட்டதுக்குப் பேரு எடுத்ததா?"

"இஞ்ச பாருங்க... நகத்துக்குத்தானே? அந்தா ரோஸு இருக்கு, செவப்பு இருக்கு. உங்க கைக்கு எது போட்டாலும் கொள்ளாம். எனக்கு இதே வேணும்."

புகழ்கிறானா, விரட்டுகிறானா?

"உங்களுக்க எந்த விரலுக்கு?" என்றாள்.

ஓமனா அக்கா கல்லாவில் இருந்தபடியே களுக்கென்று சிரித்தாள். அவன் முகம் சிவந்துபோயிற்று.

"விரலுக்கில்ல... காருக்கு."

"காருக்கா? இந்தப் பாட்டிலு ஒரு கதவுக்குக்கூட காணாதே!"

"சின்னக் காரு." குரல் இறங்கிவிட்டது. இதைச் சொல்லி நிறையப் பேரிடம் கேலி வாங்கியிருப்பான் போலிருக்கிறது. கையை விரித்து ஒரு சாண் நீளம் காட்டினான். "இவ்வளவுதான் இருக்கும்."

ரெஜிலாவின் பிடி தானாகத் தளர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணுக்கு இருபத்தஞ்சா... இருபத்தி நாலா?"

அவன் வாய் திறந்தது, மூடவில்லை. வெளியே மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. கடைக்குள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இரண்டு பேர்... நடுவில் ஒரு நெயில் பாலிஷ்.

"நீங்களுமா?" என்றான் மெதுவாக.

ஆமாம், அவளும்தான். நிஜக் காரை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, இன்ஜினின் வயர் வரை விடாமல் செய்கிற கிறுக்கு அவளுக்கும் உண்டு. அதுவும் சாதாரணக் கார் இல்லை, டிராக் ரேஸ் கார். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. கால் மைல் நேர் பாதையில் ஆறேழு நொடியில் பாய்ந்து, பின்னால் பாராசூட்டை விரித்துக்கொண்டு நிற்கிற ரகம்.

அவளுடைய அப்பா செல்வதாஸ் பதினோரு வருஷம் வளைகுடாவில் அப்படி ஒரு காருக்கு மெக்கானிக்காக இருந்தார். அந்தக் கார் இப்போது இல்லை, உடைத்து விற்றாயிற்று. வீட்டில் யாரும் அதைக் கண்ணால் கண்டதும் இல்லை. மிச்சம் இரண்டு போட்டோ. கத்தரிப்பூ நிற உடம்பு, வெள்ளை வால் பகுதி, பக்கத்தில் தொப்பி போட்ட அப்பா. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு அவருக்கு அறுபது. அன்றைக்கு அந்தக் காரை அவர் கையில் வைத்துவிட வேண்டும். அதுதான் ரெஜிலாவின் ஒரே ஆசை.

இதையெல்லாம் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபடி சொன்னாள். எதற்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் கேட்டுவிட்டு, பாட்டிலை அவள் பக்கம் நீட்டினான்.

"உங்களுக்க அப்பாவுக்க காருக்கு முன்னால எனக்க காரு எம்மாத்திரம்? ஆனா ஒரு கண்டிஷன்..."

"என்ன?"

"பெயிண்ட் அடிச்சதும் எனக்கு ஆத்தியம் காட்டணும்."

பேர் எபிசன். ஊர் குலசேகரம். மரத்துப் பால் ஷீட்டாகி, அந்த ஷீட் புகைப்புரையில் விறகுப் புகையில் காய்கிற ரப்பர் வியாபாரக் குடும்பம்.

*

ரெஜிலாவுக்கு வேலை பல் செட் செய்யும் லேபில். பல் ராவுகிற சிறு மெஷின், மெழுகுக் கத்தி, கொறடு... மாடல் கார்க்காரர்கள் ஏங்கித் தவிக்கிற சாமான்கள் எல்லாம் அவள் மேஜையில் சும்மா கிடந்தன. அப்பாவுக்குத் தெரியக் கூடாதே என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கேயே காரைச் செய்தாள்.

மறுநாளே எபிசன் ஒரு டிபன் பாக்ஸோடு வந்து நின்றான்.

"எனக்குச் சோறு உண்டே" என்றாள்.

"தொறந்து பாருங்க."

உள்ளே இரண்டு டயர்கள். டிராக் கார்களின் பின் டயர் அகலமாக, கோடு கோடாக எதுவும் வெட்டாமல் வழவழவென்று இருக்க வேண்டும். அவளிடம் இருந்ததோ பளபளக்கும் பிளாஸ்டிக். இவன் சொந்தத் தோட்டத்துப் பாலை அச்சில் ஊற்றி, கரி கலந்து நிஜ ரப்பரிலேயே வார்த்திருந்தான்.

"கொள்ளாமே..." அவள் விரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுங்கியது. மனசும் கொஞ்சம்.

"இந்த டயரு வேற யாருக்கும் குடுத்ததில்ல" என்றான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒரு சாக்கு. பாராசூட்டுக்குப் பழைய குடைத் துணி கொண்டு வந்தான். இன்ஜின் வயரை ஒவ்வொன்றாகக் கோக்கும்போது இரண்டு தலைகளும் ஒரே விளக்கின் கீழ் குனிந்திருக்கும். அலமாரியில் வரிசையாக இருந்த பல் செட்டுகள் எல்லாம் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். அவன் கை நடுங்கவே நடுங்காது. முடி கனத்துப் பிரஷ்ஷைப் பிடித்தால் கல்லில் வைத்தது போல நிற்கும். ரெஜிலா வயரைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்த்து, இரண்டு தடவை தப்பான இடத்தில் கோத்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று... மழைதான் விடவில்லை. கடைசியாக அடித்த பளபளப்பு வார்னிஷ் மூன்று நாளாகியும் உலராமல் விரலில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

"நான் கொண்டு போயி உணக்கித் தாறேன். எங்க வீட்டுல ஒரு சூடான இடம் உண்டு" என்றான் புதன்கிழமை. நம்பிக் கொடுத்தாள். காரின் மேல்கூட்டை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, குழந்தையை அனுப்புவது போல அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது முகமே சரியில்லை. டின்னைத் திறந்தாள். குப்பென்று விறகுப் புகை வாசம். கத்தரிப்பூ நிறம் தப்பித்திருந்தது. வெள்ளை வால் பகுதிதான்... சக்கரத்துக்குப் பின்னாலிருந்து கடைசி வரை, தேயிலைச் சாயம் கொட்டினது போலப் பழுப்பேறிக் கிடந்தது.

"எங்க வச்சு உணக்குனிய?"

"புகைப்புரையில... மழைக்கு எங்க வீட்டுல கொப்பரை, புளி, துணி எல்லாம் அங்கதான் உணங்கும். தீ அணைஞ்சு கெடந்துது, சூடு மட்டும் இருந்துது. பொறத்த வழியா வந்து அப்பா விறகு வச்சது எனக்குத் தெரியாம போச்சு..."

உலராத வார்னிஷ், இரவு முழுக்க எழுந்த புகையை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டது. துடைத்தாலும் போகாது, சுரண்டினால் பெயிண்டும் வந்துவிடும். இனி புதிதாக அடித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உலராது.

"ரப்பர் ஷீட்டும் எனக்க அப்பாவுக்க காரும் உங்களுக்கு ஒண்ணா?" அவள் குரல் உடைந்தது. "இனி நீங்க இஞ்ச வராண்டாம்."

எபிசன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கிப் போனான். குடையை மறந்துவிட்டுப் போனான், டிபன் பாக்ஸையும். சாயங்காலம் ஒரு தடவை போன் வந்தது. அவள் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அடித்தால் எடுக்கலாம் என்றிருந்தாள்... அடிக்கவில்லை. அவ்வளவு ரோஷமா? இருக்கட்டும், எனக்கும் உண்டு என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து, வீட்டில் ஜெபம் முடிந்து, கேக் வெட்டியாயிற்று. ரெஜிலா அப்பாவுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். அவள் கண்தான் அலமாரிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. கார் முழுசாக மாட்டி முடிந்து, பிஸ்கட் டின்னில், அலமாரி மேல் இருந்தது. குறையாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நேற்று அவள்தான் மாட்டினாள், அவன் டயரோடு சேர்த்து.

"பிஸ்கட்ட ஒளிச்சு வச்சிருக்கியா மக்களே?" என்று சிரித்தபடி அப்பா டின்னை இறக்கினார்.

"அப்பா, அது வேண்டாம்..." அவள் ஓடுவதற்குள் திறந்துவிட்டார்.

செல்வதாஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காரை உள்ளங்கையில் எடுத்தார். தூக்கி மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அந்தப் பழுப்பு வாலை மெல்லத் தடவினார்.

"கெட்டுப்போச்சுப்பா. அத அழிச்சிட்டு வேற அடிச்சுத் தாறேன்..."

"தொடப்பிடாது!" அப்பா இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. "இது எப்படி உனக்குத் தெரியும்? ஓட்டத்துக்கு முன்னால டயர நிண்ண இடத்துல சுத்த விட்டுச் சூடாக்குவோம். அந்தப் புகை இஞ்ச, இந்த வெள்ளையிலதான் வந்து அடையும். நான் எத்தன துணி வச்சுத் துடைச்சாலும் போவாது மக்களே... போட்டோவுல நிக்கது கழுவி வச்ச காரு. இதுதான் நான் வேல பாத்த காரு."

அவர் கண்ணிலிருந்து வழிந்தது. ரெஜிலா அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்... முழுக்கச் சந்தோஷமும் இல்லை. வராண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாளே!

அப்பா பின் டயரை அமுக்கிப் பார்த்தார்.

"நிச ரப்பரு. இது யாருக்க வேல?"

"ஒராளு... குலசேகரத்துல."

"அந்த ஆள சாப்பாட்டுக்கு விளிச்சியா?"

அவள் தலை தானாகக் கவிழ்ந்தது. செல்வதாஸ் மகளை ஒரு நிமிஷம் பார்த்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு.

"பாயசம் ஆறதுக்குள்ள போயிட்டு வா."

*

வடசேரியில் பஸ் ஏறிக் குலசேகரத்தில் இறங்கும்போது மழை தூறலாகிவிட்டிருந்தது. ஒரு கையில் அவன் குடை, மறு கையில் அவன் டிபன் பாக்ஸ். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை, பாயசம் ததும்பியது.

அவன் வீட்டைக் கடைவீதியில் விசாரித்துக்கொண்டு வந்தாள். புகைப்புரை எங்கே என்று அதற்குமேல் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, வாசமே வழி காட்டியது. பக்கத்து அறையில், ஜன்னலோரம், அவன் குனிந்திருந்தான். முன்னால் இன்னொரு கார். அவன் ஆசையாகக் கட்டிக்கொண்டிருந்த சொந்தக் காரின் பெயிண்டையெல்லாம் கழற்றிவிட்டு, அதே கத்தரிப்பூ நிறம் அடித்து, அதே வெள்ளை வால் வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு புது நெயில் பாலிஷ் பாட்டில்.

"மார்த்தாண்டத்துல கெடைக்கல்ல... திருவனந்தபுரம் வரைக்கும் போனேன்." அவளைக் கண்டதும் எழுந்துகூட நிற்கத் தெரியாமல் தடுமாறினான். "இத இன்னைக்குக் கொண்டு வரணும்னுதான் இருந்தேன். உணங்கவே மாட்டேங்குது. வராண்டாம்னு வேற சொல்லிட்டிய..."

ரெஜிலா அப்பா சொன்னதையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் விடிந்துகொண்டே வந்தது.

"அப்போ... எனக்க புகை கொள்ளாமா?"

"அப்பாவுக்குக் கொள்ளாம்." கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கும்... நான் பேசினது தப்பு. மன்னிக்கணும்."

அவன் பாட்டிலை எடுத்து உருட்டினான். வைத்தான். மறுபடி எடுத்தான்.

"ரெஜிலா... அந்தக் கடையில நீங்க 'ஒண்ணுக்கு இருபத்தஞ்சா'ண்ணு கேட்டிய பாத்தியளா... அப்பமே எனக்கு உங்கள இஷ்டமாச்சு. சொல்ல பயம். சின்னச் சாமானத்தத்தான் எனக்கு ஒழுங்கா செய்யத் தெரியும்."

தூறல் ஓட்டில் தட்டியது. அவள் நெஞ்சும் அதே வேகத்தில்...

"அந்தப் பாட்டிலு இனி காருக்கு வேண்டாமே?" என்றாள்.

"வேண்டாம்."

"அப்போ..." வலது கையை நீட்டி மேஜை மேல், விளக்கின் கீழ் வைத்தாள். "நகத்துக்குத்தானேண்ணு அண்ணைக்குக் கேட்டியள்லா? ஆமா. நகத்துக்குத்தான். எனக்கும் உங்கள இஷ்டமாக்கும்."

எபிசன் மூடியைத் திறந்து, பிரஷ்ஷை நனைத்து, அவள் மோதிர விரலை மெல்லப் பிடித்தான். முதல் கோடே நகத்தைத் தாண்டி விரலில் வழிந்தது.

"ஏட்டி... கைய ஆட்டாத" என்றான்.

"ஆடுதது உங்களுக்க கையாக்கும்" என்றாள் ரெஜிலா.