திரும்பிப் போன கூலி

கீழே ஜெராக்ஸ் கடை, மேலே ஒரே ஒரு அறை. வங்கியின் வெளிநாட்டுப் பணப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் அங்கே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வழி தவறிய பணத்தைத் தேடித் தருபவர் என்று அவருக்குப் பெயர். கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவருடைய கொழுந்தியாள், மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸுடன் அங்கே வந்துவிடுவாள். சாப்பாட்டைவிட அடுத்தவர் வழக்கு அவளுக்கு ருசி.

அன்று படியேறி வந்தவள் ஒரு ஓவியர். பின்னால், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவள் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக்.

"குழந்தைங்க புத்தகத்துக்குப் படம் போடறேன் சார். வெளிநாட்டுப் பதிப்பகம். நாற்பது படம், மூணு மாச வேலை. பணம் அனுப்பினாங்க, ஆனா திரும்பிப் போயிடுச்சாம். அனுப்பினவங்களைத் தெரியவே தெரியாதுன்னு நானே சொல்லிட்டேனாம்!"

"சொன்னீங்களா?"

"சத்தியமா இல்ல. என்னை யாருமே கேக்கல."

பதிப்பகத்தின் கடிதத்தை அவர் நிதானமாகப் படித்தார். மறுநாள் மாலைக்குள் சரியான விளக்கம் வராவிட்டால், அவளுக்கென்று வைத்திருந்த அடுத்த நான்கு புத்தகங்களும் வேறு ஓவியருக்குப் போய்விடும். கோபமே இல்லாத கடிதம். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியிருந்தது.

"பில் தயார் பண்ணினது யாரு?"

"நான் உட்கார்ந்து வேலை பார்க்கற ஆபீஸ்ல பக்கத்து மேசை டிசைனர். கணக்கு நம்பரையும் அவன்தான் டைப் பண்ணினான். நேத்து அவனை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்."

"அவனேதான் அத்தான்!" என்றாள் கொழுந்தியாள். "தன்னோட நம்பரைப் போட்டிருப்பான்."

"அப்படின்னா பணம் அவன்கிட்ட போயிருக்கும். வந்த வழியே ஏன் திரும்பணும்? நீ முதல்ல சாப்பிட்டு முடி."

அண்ணன் கதவோரம் நின்றபடியே சொன்னான்: "நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். முகம் தெரியாத ஆளுங்களுக்கு ராத்திரி பகலா வேலை. பச்சைக்கிளி கம்பெனியை எல்லாம் நம்பினா இப்படித்தான்."

"நீ சும்மா இருண்ணா. எப்பப் பாத்தாலும் கிண்டல்." அவள் பெரியவரிடம் திரும்பினாள். "போன வருஷம் பேங்க்லேர்ந்து பேசறோம்னு ஒருத்தன் ஃபோன்ல இவனோட ரெண்டு மாசச் சம்பளத்தை உருவிட்டான். அதுலேர்ந்து இவனுக்கு உலகமே திருடன்."

"உங்க கணக்கு எப்போ ஆரம்பிச்சது?"

"ஸ்கூல்ல படிக்கும்போது. அண்ணன்தான் கூட்டிட்டுப் போனான்."

"நாளைக்குக் காலையில வங்கிக்குப் போங்க. பணத்தை ஏன் திருப்பினாங்கன்னு எழுத்துல வாங்கிட்டு வாங்க. டிசைனரையும் கூப்பிடுங்க. அண்ணனும் வரட்டும்."

மறுநாள் மதியம் எல்லோரும் வந்தார்கள். டிசைனர் கைகளைக் கட்டிக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். வங்கி கொடுத்த சீட்டைப் பெரியவர் ஓவியரிடமே நீட்டினார்.

"அனுப்பினவர் பேரைப் படிங்க."

"க்ரீன் பேரட் பேமென்ட்ஸ்... இது யாரு? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பல நாட்டு ஓவியர்களுக்குப் பட்டுவாடா பண்ணப் பெரிய பதிப்பகங்கள் வேற ஒரு கம்பெனியை வச்சிருக்கும். வர்ற பணத்துல அதோட பேர்தான் இருக்கும். என் மேசைக்கு வாரம் ஒரு ஆளாவது இதுல குழம்பி வருவாங்க."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த சோற்றை கொழுந்தியாள் டிபன் பாக்ஸிலேயே திரும்பப் போட்டாள். "க்ரீன் பேரட்னா... பச்சைக்கிளி!"

"பணம் வாங்க வேண்டியவங்களுக்கே தெரியாத பேரு. இன்னைக்குக் காலையிலதான் இந்தச் சீட்டுல வெளியே வந்திருக்கு. ஆனா நேத்தே அது இந்த அறையில ஒருத்தர் வாயிலேர்ந்து வந்துச்சு. அடுத்த வரியையும் படிங்க."

அவள் படித்தாள். "கணக்கில் பதிவான எண்ணுக்குப் பேசியதில், குடும்பத்தார் அனுப்புநரைத் தெரியாது என்றனர்." அவள் குரல் இறங்கியது. "பதிவான எண்... கணக்கு ஆரம்பிச்சப்போ என்கிட்ட ஃபோனே கிடையாது."

யாரும் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

"பேங்க்லேர்ந்து பேசறோம்னாங்க," என்றான் கடைசியில். "போன வருஷமும் அப்படித்தான் ஆரம்பிச்சான். இந்தத் தடவை ஏமாறக் கூடாதுன்னு, அப்படி யாரையும் தெரியாது, திருப்பி அனுப்புங்கன்னு சொல்லிட்டேன். ஜெயிச்சுட்டேன்னு நினைச்சு ஒரு ஸ்ட்ராங் டீ வேற குடிச்சேன்."

"எப்போ புரிஞ்சுது?"

"இவ அழுதப்போ. ரெண்டாவது தடவையும் நான் முட்டாள்னு சொல்ல வாய் வரல."

"உனக்கு வாய் வராததால நான் திருடன் ஆனேன்," என்றான் டிசைனர்.

"மன்னிச்சுடுடா," என்றாள் ஓவியர்.

"நாளைக்கு மன்னிக்கறேன். இன்னைக்குக் கோபமாவே இருந்துக்கறேன்."

அவள் அங்கேயே பதில் எழுதினாள். தவறு எங்கள் பக்கத்தில் நடந்தது. வங்கியின் சீட்டை இணைத்திருக்கிறேன். கணக்கில் இன்றே என் எண்ணைப் பதிகிறேன். அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"எங்கள்னு ஏன் போடறே? என் தப்புன்னு தெளிவா எழுது."

"நம்பரை மாத்தாம பத்து வருஷம் விட்டது யாரு? எங்கள்னே இருக்கட்டும்," என்று அனுப்பிவிட்டாள்.

அந்த ஊரில் அப்போது காலை. இருபது நிமிடத்தில் பதில் வந்தது. அவள் படித்துவிட்டு ஃபோனை அண்ணனிடம் கொடுத்தாள். அவன் ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, மெதுவாகப் படித்தான்.

"நாலு புத்தகமுமா?"

"நாலும்ணா."

அவன் ஹெல்மெட்டை எடுத்தான். "கிளம்பு. பேங்க் மூணரைக்கு மூடிடுவான்."