கேள்விக்குறி இல்லாத வரி

குழந்தைக்கு நான்கு மாதம்தான். ஆனாலும் மேஜைமேல் இருந்த பெட்டி தெளிவாக, "அம்மா" என்றது.

பிற்பகல் மூன்று மணி. பிள்ளை தூங்கட்டும் என்று திரைகளை இழுத்துவிட்டிருந்ததால் வீடு மங்கிக் கிடந்தது. சூடேறிய ஒயரின் வாசனை மூக்கில் ஏறியது, மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது, அதற்கும் அடியில் உள்ளறைத் தொட்டிலின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

குழந்தையைக் கண்காணிக்கும் அந்தக் கருவியை உள்ளிருந்து இயக்கும் கெர்னல் என்ற மென்பொருளை எழுதுவது தாயான அவள் பிழைப்பு. மைக் இரண்டு: ஒன்று தொட்டிலில், ஒன்று மேஜையில். எந்தக் குரல் வந்தாலும், உள்ளே ஓடும் எந்த வேலை எதைக் கூப்பிட்டது என்று கெர்னல் பின்னோக்கிப் போய், குரல் புறப்பட்ட மைக் வரைக்கும் தடத்தைத் திரையில் எழுதும். ஒவ்வொரு வேலையும் தன்னைக் கூப்பிட்டது யாரென்று குறித்துவைத்தால் தடம் பிசகாது. வேகம்தான் கொஞ்சம் குறையும். அவளோ வேகத்துக்கு ஆசைப்பட்டு அந்தக் குறிப்பைத் தூக்கிவிட்டாள். இப்போது நினைவகத்தைத் துழாவிக் குத்துமதிப்பாகத்தான் சொல்லும். எப்போதோ முடிந்துபோன அழைப்பும் கேள்விக்குறியோடு வந்து நிற்கும். இப்போதும் திரையில் இரண்டு வரிகள் நின்றன.

தொட்டில் மைக்?
மேஜை மைக்?

இரண்டாவது வரி, காலையில் செய்த சோதனையின் மிச்சம் என்று தள்ளிவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். பிள்ளை வாய்மூடி உறங்கியது.

கூட வேலை செய்யும் கண்ணாடி அண்ணனுக்கு போன் போட்டாள். தூக்கம் கெட்ட தாய்க்குச் சுவரும் பேசும் என்று கிண்டலடித்தவர், தடத்தைப் படித்துக் காட்டியதும் குரலைத் தாழ்த்தினார்.

"குத்துமதிப்புல போனா செத்ததெல்லாம் சாட்சி சொல்ல வரும்மா. குறிப்பைத் திரும்பப் போடு. யார் கூப்பிட்டாங்கன்னு பொய்யில்லாம தெரிஞ்சிடும்."

போட்டாள். காத்திருந்தாள்.

"அம்மா."

மேஜை மைக்.

கேள்விக்குறி இல்லை.

மேஜையருகே அவள் மட்டும்தான். மேஜைக்கடியில் குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கால்விரல்மேல் ஈரமாக ஒரு மூச்சு. இன்னொன்று. பிறகு விலகியது. தரையில் தவழும் சத்தம். உள்ளறைப் பக்கம்.

எழ வேண்டும். பிள்ளை உள்ளே இருக்கிறது. கால் அசையவில்லை.

தொட்டில் ஆடியது. பிள்ளை வீறிட்டது. சட்டென்று நின்றது.

"அம்மா."

தொட்டில் மைக்.

கேள்விக்குறி இல்லை.