ஒரு மணிக்கு இறங்கும் ஷட்டர்

ஓரெஸ்தேவின் ரொட்டிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. விவாகரத்து முடிந்து, இரண்டு பெட்டிகளோடு ஜெனோவாவுக்கு வந்திருந்தேன். கவுண்டரில் நிற்கும் வேலை. கடைக்கு மேலேயே ஓர் அறை. முப்பத்தொன்பது வயதில், போக வேறு இடம் இல்லாதவளுக்கு அது பெரிய விஷயம்.

தெரு குறுகலானது. தார்ச் சாலைக்கு அடியில், மூடிய கால்வாயில், ஓர் ஆறு ஓடுகிறது. அந்தப் பகுதிக்காரர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மழை வலுத்தால் மட்டும் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள்.

காலை ஏழு மணிக்கெல்லாம் கடை நிறைந்துவிடும். ஃபொகாச்சா என்ற தட்டையான ரொட்டியை அடுப்பிலிருந்து இழுத்ததும் எண்ணெயும் உப்பும் சேர்ந்த வாசனை தெருமுனை வரை போகும்.

"ஏம்மா புதுசு, எனக்கு ஓரத்துத் துண்டாக் குடு. நடுத்துண்ட வக்கீலுக்கு வை, அவருக்குப் பல்லு இல்ல" என்பாள் பூக்கடைக்காரி.

"பல்லு போனா என்ன? கேஸ் ஜெயிக்க நாக்கு போதும்" என்பார் வக்கீல்.

ஓரெஸ்தேவுக்கு அறுபத்தாறு வயது. பெரிய உடம்பு, புருவத்தில் எப்போதும் மாவு. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டார். ஆனால் நான் வந்த முதல் நாளே என் அறை ஜன்னலில் காற்று புகும் இடுக்கை அவரே அடைத்துவைத்திருந்தார்.

நல்ல மனிதர். இதை நான் இப்போதும் சொல்வேன்.

தினமும் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் தெக்லா. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கியும் முதுகு வளையாதவர். தெருவே அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். இன்னொருவர் கஸ்பாரே, முன்னாள் பஸ் டிரைவர். இரண்டு பேரும் எதுவும் வாங்கமாட்டார்கள். கவுண்டரின் ஓரமாக நுழைந்து உள்ளே போய்விடுவார்கள். சரியாக ஒரு மணிக்கு ஓரெஸ்தே ஷட்டரை இறக்குவார்.

"நீ மேல போம்மா மிலேனா. நாலு மணிக்கு இறங்கி வா, போதும்."

மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை அந்தத் தெருவில் ஈ காக்கை இருக்காது. எல்லாக் கடையும் மூடியிருக்கும், எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் மூன்று பேர் இருட்டுக் கடைக்குள் என்ன செய்வார்கள்?

"உள்ள சீட்டாட்டமா?" என்று ஒருநாள் கஸ்பாரேவிடம் கேட்டேன்.

"ஆமாம்மா. மூணு பேருமே தோக்குற ஆட்டம்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

மே மாதத்தில் ஒருநாள் அறைச் சாவியைக் கடையிலேயே மறந்துவிட்டு மேலே போய்விட்டேன். பின்முற்றத்துக் கதவு வழியாகத் திரும்பி வந்தேன். அடுப்பு இன்னும் சூடாக இருந்தது. முன்பக்கம் கும்மிருட்டு. ஷட்டரின் அடியில் மட்டும் வெயில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

மூன்று நாற்காலிகள் ஷட்டரைப் பார்த்துப் போட்டிருந்தன. மூன்று பேரும் அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுக்கட்டு இல்லை. விளக்கு இல்லை. என்னைப் பார்த்ததும் டீச்சரம்மா உதட்டின் மேல் விரலை வைத்தார்.

அப்போது ஷட்டரில் யாரோ தட்டினார்கள்.

மெதுவாகத்தான். வாடிக்கையாளர் யாரோ நேரம் தப்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ஓரெஸ்தே அண்ணே... நான்தான், இனெஸ். கொஞ்சம் கதவத் திறங்கண்ணே."

பெண் குரல். மூச்சு வாங்கியது. ஓரெஸ்தே அசையவில்லை. முழங்கால் மேல் இருந்த அவருடைய பெரிய கைகள் மட்டும் இறுகின.

"டீச்சரம்மா, நீங்க உள்ளதான் இருக்கீங்க. உங்க குடை வாசல்ல இருக்கே."

வெள்ளைக் கோட்டின் நடுவில் இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன. பாதங்கள்.

"கஸ்பாரு... முழங்காலுக்கு வந்துடுச்சுடா. விளையாடாத. திற."

பிறகு எனக்குத் தெரியாத மூன்று பெயர்களைக் கூப்பிட்டது. தட்டல் அடியாக மாறியது. தகரம் முழுவதும் அதிர்ந்தது. ரொட்டி வாசனை போய், சேறும் டீசலும் கலந்த நாற்றம் கடையை நிறைத்தது. ஷட்டரின் அடியில் வெளிச்சம் பழுப்பாக மங்கியது.

தண்ணீர் உள்ளே கசிந்து வந்தது.

வெளியே மே மாத வெயில். ஒரு வாரமாக மழையே இல்லை.

கடைசியில் வார்த்தை இல்லாத ஒரு சத்தம். ஏதோ கனமானது தகரத்தை உரசிக்கொண்டே சரிந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

ஓரெஸ்தே எழுந்து போய் மாப் எடுத்துவந்து தரையைத் துடைத்தார். பாத்திரம் கழுவுவது போல, அவ்வளவு சாதாரணமாக.

அன்றைக்கே சொன்னார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு நவம்பர் மாதம், மதியம். ஆறு கால்வாயைப் பிளந்துகொண்டு தெருவுக்கு வந்தது. கடைக்குள் ஆறு பேர் இருந்தார்கள். ஷட்டரை இறக்கி, மாவு மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். எதிர்வீட்டுத் தரைத்தளத்தில் இருந்த தையல்காரி இனெஸ், தினமும் அங்கே ரொட்டி வாங்குகிறவள், வீட்டிலிருந்து தப்பி நேரே கடை வாசலுக்கு வந்தாள்.

"திறந்தா எல்லாரும் போயிடுவோம்னு சொன்னது நான்" என்றார் டீச்சரம்மா.

"மூட்டைய நகர்த்தாதேன்னு கத்துனது நான்" என்றார் கஸ்பாரே.

ஓரெஸ்தே மாப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஷட்டரப் பிடிச்சிருந்தது என் கை."

விசாரணையில் ஆறு பேரும் ஒரே பதில் சொன்னார்கள். மழைச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை.

மூன்று பேர் இப்போது கல்லறையில் இருக்கிறார்கள். மிச்சம் மூன்று பேர்.

"எதுக்கு இங்க வந்து உக்கார்றீங்க? எங்கயாவது போயிடலாமே?"

"போனேன்" என்றார் கஸ்பாரே. "மக வீட்டுக்கு, சவோனாவுக்கு. மூணாவது நாள் மத்தியானம் அங்க வந்து தட்டினா. என் பேத்தி, நாலு வயசு, தாத்தா உன்னத்தான் கூப்பிடுறாங்கன்னு கதவத் திறக்க ஓடுச்சு. எப்படிப் போய்ப் பிடிச்சேன்னு இப்பவும் தெரியல. நாங்க மூணு பேரும் இங்க இருந்தா அவளும் இங்கதான் தட்டுறா. வேற எங்கயும் போறதில்ல."

"ஒரு தடவ திறந்து பாத்தா என்ன?"

ஓரெஸ்தே மாப்பைச் சுவரில் சாய்த்துவைத்தார். கடைசியில் டீச்சரம்மாதான் சொன்னார்:

"திறந்தா அவ மூஞ்சியப் பாக்கணும். பாத்து என்னம்மா சொல்றது?"

நான் வேலையை விட்டிருக்கலாம். பெட்டி கட்டவும் செய்தேன். ஆனால் மறுநாள் காலையில் ஃபொகாச்சா வெந்தது, வக்கீலும் பூக்கடைக்காரியும் வாய்ச்சண்டை போட்டார்கள், ஓரெஸ்தே எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். பகல் வெளிச்சத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இவர்கள் பாவம், இவர்கள் பாடு. எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

நான்காம் நாள் மதியம், என் அறையில் படுத்திருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"மிலேனா."

அதே குரல்.

"மிலேனா, நீ அன்னிக்கு உள்ள இருந்தியே. நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சில்ல?"

கதவின் அடியில் தண்ணீர். மாடியில்.

நான் பதில் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, அது ஓயும் வரை படுத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது. அந்த ஆறு பேரும் இதைத்தான் செய்தார்கள்.

அடுத்த நாள் ஓரெஸ்தே எதுவும் கேட்காமல் நான்காவது நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

அந்தக் கோடை முழுவதும் அப்படியே போனது. தினமும் மதியம் நான்கு பேர் இருட்டில் உட்கார்ந்து எங்கள் பெயர்களைக் கேட்டோம். கடைசியாக வருவது என் பெயர். சாப்பாடு இறங்கவில்லை. காலையில் வாடிக்கையாளர் யாராவது சிரித்துக்கொண்டே "மிலேனா" என்று கூப்பிட்டால்கூடக் கையிலிருக்கும் ரொட்டி நழுவியது.

செப்டம்பர் பதினோராம் தேதி என்னால் முடியவில்லை. என் பெயர் வந்ததும் எழுந்தேன்.

"இரு இனெஸ்! வர்றேன்!"

"மிலேனா, வேண்டாம்!" ஓரெஸ்தே என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"விடு ஓரெஸ்தே" என்றார் டீச்சரம்மா. "திறக்கட்டும். இன்னும் எத்தன நாளைக்குத்தான்?"

குனிந்து ஷட்டரைத் தூக்கினேன்.

வெயில் கண்ணைக் குத்தியது. தெரு காலியாக இருந்தது. கல் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. எதிர் ஜன்னலில் யாரோ காயப்போட்ட படுக்கை விரிப்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கஸ்பாரே அழுதுகொண்டே சிரித்தார். "ஒண்ணுமில்ல. பாருங்க, ஒண்ணுமே இல்ல!"

ஓரெஸ்தே மட்டும் சிரிக்கவில்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி, தெரு நடுவில் போய் நின்றார். யாரையோ தேடுவது போல இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இனெஸ், நான் இங்க இருக்கேம்மா" என்றார். "வந்துட்டேன்."

முதலில் அவருடைய செருப்புதான் கறுத்தது. பிறகு கால்சட்டையின் விளிம்பு.

ஈரம் மேலே ஏறியது.

அந்தக் காய்ந்த தெருவில், நல்ல வெயிலில், ஓரெஸ்தேவின் முழங்கால் நனைந்தது. இடுப்பு நனைந்தது. வெள்ளை ஏப்ரன் பழுப்பானது. அவர் எங்களை நோக்கி நடக்கப் பார்த்தார். வெள்ளத்துக்கு எதிராக நடப்பவர் போலக் கைகளை வீசி, ஒவ்வோர் அடியையும் இழுத்து இழுத்து வைத்தார். மார்புவரை ஈரம் வந்துவிட்டது.

"மிலேனா" என்று கையை நீட்டினார். "கையக் குடும்மா."

நான்கு எட்டு தூரம். அவ்வளவுதான்.

அவர் வந்தால் அதுவும் அவரோடு உள்ளே வந்துவிடும். அந்த ஒரு நினைப்புதான் எனக்கு இருந்தது.

ஷட்டர் இறங்கியது. கஸ்பாரேதான் இழுத்தார் என்று போலீஸிடம் சொன்னேன், வெயிலுக்காக இழுத்தார் என்று. ஆனால் அந்த ஷட்டர் கனமானது, பழையது. அவ்வளவு வேகமாக அதை இறக்க இரண்டு பேர் வேண்டும்.

வெளியே அவர் தட்டினார். பெரிய கை. நிதானமான தட்டல்.

"டீச்சரம்மா... கஸ்பாரு... மிலேனா..."

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத் திறந்தபோது, அவர் வாசலில் குப்புறக் கிடந்தார். உடை காய்ந்திருந்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண் அவருடைய நெஞ்சை அழுத்தினாள். வாயிலிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டியது. அவள் நிமிர்ந்து தெருவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவர எங்கேருந்து தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.



அதற்குப் பிறகு இனெஸ் தட்டவே இல்லை. கடையை மூடிவிட்டார்கள். டீச்சரம்மா அந்தக் குளிர்காலத்திலேயே தூக்கத்தில் போய்விட்டார். கஸ்பாரே மகளோடு போனவர், நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

நான் இப்போது மலைப்பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பக்கத்தில் ஆறு இல்லை. இங்கேயும் ரொட்டிக் கடை வேலைதான், வேறு எதுவும் எனக்குத் தெரியாது. இந்தக் கடைக்குக் கண்ணாடிக் கதவு. வெளியே நிற்பவர்களை உள்ளிருந்தே பார்க்கலாம். அதற்காகவே இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். எட்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்.

போன வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். பால்காரன் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள். அரை கிலோ ரொட்டி வாங்கினாள். சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டே வெளியே பார்த்தவளின் முகம் மாறியது.

"ஐயோ, அந்தப் பெரியவர் எவ்வளவு நேரமா நிக்கிறாரு? நீங்க கவனிக்கலையாக்கா?"

கண்ணாடிக்கு அப்பால் வெயிலும் காலித் தெருவும்தான் இருந்தன.

"யாரு? அங்க யாரும் இல்லையே" என்றேன்.

"என்னக்கா நீங்க, உங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. பாவம், தொப்பலா நனைஞ்சிருக்காரு."

நான் கவுண்டரைச் சுற்றி ஓடுவதற்குள் அவள் கை கதவில் இருந்தது.

"உள்ள வாங்க ஐயா" என்றாள்.

கதவை விரியத் திறந்து, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஓரமாக ஒதுங்கினாள். மெதுவாக நடக்கிறவருக்கு வழி விடுவது போல, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.