ஒன்றரை பவுண்டு நைட்ரஸ்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் கதை சொல்கிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கென்டக்கியில் ஜூலை மாத வெயில். தகரக் கூரை போட்ட ஷெட் கொதித்துக்கொண்டிருந்தது. நசுங்கிய காரின் டிக்கிக்குள் கைவிட்டு இன்ஜினுக்கு வேகம் கூட்டும் நைட்ரஸ் கேஸ் சிலிண்டரைத் தொட்ட வெண்டல், விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரல் தோல் அதில் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. சிலிண்டரின் பாதிவரை வெள்ளை வெளேரென்று உறைபனி. வால்வு இறுக மூடித்தான் இருந்தது. கார்ப் பந்தயத்தில் செத்த மகன் கோல்பியைப் புதைத்து மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து அதை யாரும் தொடவில்லை.

கழற்றித் தராசில் வைத்தார். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று எடையை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒன்றரை பவுண்டு குறைந்திருந்தது. கேஸ் பாயும் மூக்கை, அதாவது ஜெட்டை, பெரிதாகப் போட்டுக் கால் மைல் பந்தயம் ஓடினால் அவ்வளவு போகும்.

மறுநாளும் இன்னொரு ஒன்றரை குறைந்தது. அதற்கு மறுநாளும்.

கேஸ் நிரப்பிக் கொடுக்கும் ஹாஸ்கெல், சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தான்.

"ஒரு குமிழி கூட வரலையேடா. உன்ன மாதிரியே உன் தராசுக்கும் வயசாயிடுச்சு." சிரித்தவன், வெண்டலின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இத ஏன்டா இன்னும் வச்சிருக்க? தூக்கிப் போட்டுட்டு உன் பொண்டாட்டி நெடாவ எங்கயாவது கூட்டிட்டுப் போ."

"நிரப்பிக் கொடு" என்றார் வெண்டல்.

அன்று சிலிண்டரைத் திரும்ப மாட்டிவிட்டுக் காரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கோல்பியின் கடைசி ஓட்டம் நான்கு மணிக்கு. நான்கு அடித்ததும் குழாய்க்குள் மெல்ல ஒரு சீறல் கிளம்பியது. தேய்ந்த டயரின் கரிந்த வாடையும் பெட்ரோல் வாடையும் அதன் பின்னால் ஏதோ இனிப்பான வாடையும் ஷெட்டை நிறைத்தன. பக்கவாட்டில் பிளந்து கிடந்த, இனி ஒருநாளும் ஓட முடியாத இன்ஜினிலிருந்து உறுமல் எழுந்து, ஏறி, ஏறி...

வெடித்தது.

பிறகு சத்தமே இல்லை.

அந்தக் காருக்கு நைட்ரஸ் பூட்டியவரே வெண்டல்தான். பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். "இது கம்பெனி இன்ஜின்டா. எழுபத்தஞ்சு குதிரை சக்திக்கு மேல கேட்டா பிஸ்டன் உருகிடும்" என்பார். சூடு தாங்கும் பிளக், கொஞ்சம் பின்னால் தள்ளிய தீப்பொறி டைமிங், நல்ல பெட்ரோல், இன்ஜின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றை எட்டும் முன்னால் ஸ்விட்சைத் தொடக் கூடாது என்ற கட்டளை. இரண்டு கோடை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கடைசி ஓட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை காலையில்தான் பையன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே ஒரு தடவப்பா. நூத்தைம்பது குதிரை ஜெட். நீங்க மாட்டிக் கொடுத்தா எனக்குப் பயமே இல்ல."

மாட்டிக் கொடுத்தார்.

நெடாவுக்கு அது தெரியாது. பிள்ளை தானாகவே பெரிய ஜெட்டை மாட்டினான் என்று நினைத்து, செத்தவனைத் திட்டித் திட்டி அழுதாள். பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டபடி இருந்தார் வெண்டல்.

நான்கு நாள் மகனின் சாவைக் காதால் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர்களை எடுத்தார். பெரிய ஜெட்டைக் கழற்றிச் சின்னதை மாட்டினார். புதுப் பிளக் போட்டார். டைமிங்கைப் பின்னால் தள்ளினார். இந்தத் தடவை பிழைத்து வந்துவிடு, மகனே.

"செத்த காருக்கு என்ன வைத்தியம் பாக்குற?" சமையலறையிலிருந்து நெடா கத்தினாள். "சோள ரொட்டி ஆறிப்போகுது. வந்து தின்னுட்டு அது கூடவே குடும்பம் நடத்து."

"வரேன்டி."

நான்கு மணி. சீறல், இன்றைக்கு மெல்லியதாக. உறுமல் ஏறியது. ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெடிக்கவில்லை.

உறுமல் தணிந்தது. வாசல் சரளைக் கல்லில் டயர்கள் நெரியும் சத்தம். கார் கண்ணெதிரே அசையாமல் நின்றது. கதவு திறக்கும் சத்தம். காலடி.

"கோல்பி?"

ஏதோ அவரைக் கடந்து போனது. அத்தனை குளிர். சிமென்ட் தரையில் வெள்ளையாக ஒரு தடம். இன்னொன்று. சமையலறைப் பக்கம்.

"வந்துட்டியா, ராசா?" நெடாவின் குரல். "ஏன்டா இப்படிச் சில்லுன்னு இருக்க? வா. அம்மாகிட்ட வா."

"நெடா! தொடாத!"

ஓடினார்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததை இரண்டு கையாலும் இறுக அணைத்திருந்தாள். முழங்கைவரை உறைபனி. கழுத்தில். இமையில். பிள்ளையைப் புதைத்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"மெதுவா பேசு, வெண்டல். இப்பதான் கண்ண மூடினான்."

அந்தக் குளிரில் அவள் வாயிலிருந்து மூச்சுப் புகை வரவில்லை; மூச்சே இல்லை. உதடுகள் வெளுத்து, சிரித்தபடியே விறைத்திருந்தன. கைகள் மட்டும் மெல்ல, மெல்லத் தாலாட்டிக்கொண்டிருந்தன.

உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும், கண்ணுகளா. வாசல் தாண்டிப் போன பிள்ளைகள் எல்லாரும் உடம்பில் சூட்டோடு திரும்பி வரட்டும்.