பாதியில் விட்ட ஆட்டம்

கறுப்பு ராஜா கட்டத்தின் நடுவில் நிற்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் மற்ற காய்களெல்லாம் ஒழுங்காக இருக்க, அது மட்டும் ஓரமாக ஒதுங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றது. அவன் மவுஸால் இழுத்து நடுவில் வைத்தான். கையை எடுத்ததும் மறுபடி ஓரத்துக்குப் போய்விட்டது.

"சனியன்," என்றான். அன்றைக்கு அவனுக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சலாகத்தான் வந்தது.

அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் காரில் தன் பக்கத்து பிரேக்கின் மேல் காலை வைத்தபடி உட்கார்ந்திருப்பான். தன் கோபத்துக்கு மட்டும் அப்படி ஒரு பிரேக் அவனிடம் இல்லை. காலையில் செஸ் கிளப்பில் சகலையிடம் தோற்றிருந்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவன், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். இனி தேறாது என்று தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டு எழுந்தபோது, சகலை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அவசரப்பட்டுட்டீங்களே அண்ணே," என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அப்படி என்ன அவசரம் என்று பார்க்கத்தான் சாயங்காலம், மனைவி கடைக்குப் போன நேரத்தில், ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில், சரியான நகர்த்தலைக் காட்டும் செஸ் இன்ஜினில் போட்டான். முதலிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலாகப் போட்டுக்கொண்டு வந்து, கைகொடுத்த இடத்தில் நிறுத்தினான். திரையில் ஒரு பச்சை அம்பு முளைத்தது. யானையை வெட்டுக்கொடு, பிறகு ராஜாவைத் துரத்து, வெள்ளைக்கு வெற்றி என்றது இன்ஜின்.

வெள்ளை அவன்தான். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் கைகொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அது அந்தப் பயலுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் கண்ணாடியைத் துடைத்திருக்கிறான்.

கறுப்பை இன்ஜினிடம் விட்டுவிட்டு, அம்பு காட்டியபடி வெள்ளையை நகர்த்தத் தொடங்கினான். ஃபிரிட்ஜின் முனகலையும் மின்விசிறியின் கிறீச்சையும் தாண்டி, மவுஸின் 'டக்' அந்தச் சின்ன ஹாலில் சுத்தியல் அடி போலக் கேட்டது. டக். யானை போனது. ராஜா வெளியே வந்தது. டக். ராஜா ஓடியது. எங்கிருந்தோ சகலையின் கடையில் கண்ணாடி துடைக்கும் மருந்தின் நெடி வந்து மூக்கில் ஏறியது.

போன் அடித்தது. கொழுந்தியாள்.

"அத்தான், அக்கா இருக்காளா? இவர் ஒரு மாதிரி பண்றார்."

"என்ன பண்றான்?"

"காலையில ஆடின ஆட்டத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டு இருந்தார். திடீர்னு எழுந்து ரூமுக்கு ஓடினார். சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு நிக்கறார்."

நடிப்பு என்று நினைத்தான். கிளப்பில் சிரித்தது போதாதாக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுத்த நகர்த்தலைத் தட்டினான். டக்.

"ஐயோ, இப்ப சமையல்கட்டு மூலைக்குப் போயிட்டார்."

கை நின்றது. திரையில் ராஜாவும் மூலையில் இருந்தது. மெதுவாக, ஒரு நகர்த்தலைப் பின்னால் எடுத்தான்.



"திரும்பி வரார், அத்தான். சுவரைப் பாத்துக்கிட்டே, பின்பக்கமா நடந்து வரார்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மறுபடி முன்னால் தள்ளினான். டக்.

"மறுபடியும் மூலையில நிக்கறார். அதுக்கு மேல போக இடமில்ல." அவள் குரல் தழைந்திருந்தது. "அங்க டக்குனு சத்தம் கேக்கறப்பதான் இவர் நகர்றார். எனக்குக் கேக்குது. தட்டாதீங்க."

திரையில் ஒரே ஒரு அம்பு. செக்மேட், ராஜாவுக்கு முடிவு. அவன் பயந்துபோய் மவுஸிலிருந்து கையை எடுத்தான். நிஜமாகவே எடுத்தான். அப்போதுதான் அவளுக்குப் பின்னாலிருந்து சகலையின் குரல் மெலிதாக வந்தது.

"அவசரப்படாதீங்க அண்ணே."

சகலை கெஞ்சுகிறான். அவனுக்கே தெரிந்தது. ஆனால் காதில் விழுந்தது கிளப்பின் சிரிப்பு. விரல் முந்திக்கொண்டது.

டக்.

போனில் கனமாக ஏதோ விழுந்தது. அதன் பின்னால் ஒரு மூக்குக்கண்ணாடி தரையில் சறுக்கிப்போகும் ஓசை. அவள் அலறவில்லை, அழவில்லை. நாற்காலி ஒன்று இழுபட்டது.

திரையில் பலகை தானாகத் தலைகீழாகத் திரும்பியது. காய்கள் இடம் மாறியிருந்தன. இப்போது வெள்ளை ராஜா கட்டத்தின் ஓரமாக ஒதுங்கி நின்றது.

"எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, அத்தான்," என்றாள் கொழுந்தியாள் நிதானமாக. "ஆனா இவர் கம்ப்யூட்டர்ல எதைத் தட்டணும்னு பச்சையா காட்டுது."

டக்.

அவன் எழவில்லை. கால்கள் எழுந்தன. பிரேக்கைத் தேடுகிற மாதிரி பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்த்தான். நிற்கவில்லை.

டக். ஹால் முடிந்தது.

டக். சமையல்கட்டு. ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில். இடமில்லை.

"நான் தோத்துட்டேன்மா," என்று கத்தினான். "ஆட்டத்தை விட்டுடறேன். கைகொடுத்துடறேன்."

மேசைமேல் கிடந்த போனிலிருந்து அவள் குரல் தெளிவாக வந்தது.

"அவசரப்படாதீங்க அத்தான்."

நெற்றி சுவரில் ஒட்டியிருந்தது. அடுத்த சத்தத்துக்காகக் காதைக் கொடுத்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான்.