ரங்கூன் பெட்டியின் உள்தாழ்ப்பாள்

அபிராமபுரத்துக்குப் பெட்டி எடுக்கப் போன காலையில் சுலோச்சனா மாமி தச்சன் செம்பியனுக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தார். நல்ல காபி. பின்னால் நடந்த எதற்கும் அந்தக் காபியைக் குறை சொல்ல முடியாது.

பெட்டி முழுத் தேக்கு. மூலைக்கு மூலை பித்தளைப் பட்டை. மாமியின் மாமனார் வீட்டார் ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. புது மருமகள் குடிவருகிறாள். குடும்பச் சொத்தென்று அவள் ஹாலில் வைக்க, அதைப் பழுதுபார்த்துப் பாலீஷ் போட வேண்டும்.

"தாழ்ப்பாளை உள்பக்கம் வெச்சிருக்கு. கழட்டி வெளியில போட்டுடுங்கோ" என்றார் மாமி.

"உள்ளாற தாப்பாவா? இன்னா மாமி, செஞ்சவன் உள்ள குந்திகினு செஞ்சானா?"

மாமி சிரிக்கவில்லை. "பழைய மரம். பகல்ல இறுக்கிண்டு திறக்காது. சாயங்காலம் காத்து பட்டா தானா விட்டுக்கும். பொறுமையா இருங்கோ."

மரம் அப்படியெல்லாம் செய்யக்கூடியதுதான். செம்பியன் தலையாட்டிவிட்டு, பெட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு மந்தைவெளிக்கு வந்தான். காலிப் பெட்டிக்குக் கனம் கொஞ்சம் அதிகம். தேக்கல்லவா என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தான்.

பட்டறை, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. பகல் முழுக்க மூடி அசையவில்லை. புளி போட்டுப் பித்தளையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பொழுது சாய்ந்தது. எதிர் வீட்டில் விளக்கேற்றினார்கள்.

பெட்டிக்குள் ஏதோ நகர்ந்தது.

சர்ர்... டக்.

மூடி ஒரு விரற்கடை எழும்பி நின்றது.

மாமி சொன்னது சரிதான் என்று செம்பியன் மெச்சிக்கொண்டான். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. அடிப்பலகை தேய்ந்து தேய்ந்து உள்ளங்கைபோல வழவழவென்றிருந்தது. தலையெண்ணெய் வாசம். பழைய வாசமல்ல, இப்போதுதான் வாரிப் பின்னிவிட்ட தலையின் வாசம்.

தாழ்ப்பாளைக் கழற்றினான். ஆணித்துளைகளை மரத்தூளும் வஜ்ஜிரப் பசையும் குழைத்து அடைத்தான். வெளிப்பக்கம் போட்டு, மூடி, இழுத்துத் தாழிட்டான். கச்சிதம். சாப்பிடப் போய்விட்டான்.

விடிந்ததும் குளிக்கப் போனால் பாத்ரூம் உள்ளே தாழிட்டிருந்தது.

"கரசி, எவ்ளோ நேரம்? உள்ளயே குடித்தனமா?"

"நான் இங்க கீறேன்யா" என்றாள் அவன் மனைவி அன்புக்கரசி, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து. கையில் தோசைக் கரண்டி.

இருவரும் கதவைப் பார்த்தார்கள்.

"அப்ப உள்ள யாரு?"

தண்ணீர் விழும் சத்தம் இல்லை. உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். மூச்சை அடக்குவது காதில் விழுமா என்றால், விழும்.

செம்பியன் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். கதவு விட்டுக்கொடுத்தது. உள்ளே ஒருவரும் இல்லை. தலையெண்ணெய் வாசம் மட்டும் முகத்தில் அடித்தது.

அன்புக்கரசி கரண்டியோடு தெருவுக்கு ஓடினாள். அவனும் பின்னாலேயே ஓடினான். அவர்கள் வாசலைத் தாண்டியதும் வீட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

சர்ர்... டக்.

"இன்னாத்தய்யா வூட்டுக்கு இட்டாந்த?" கரண்டியை அவனை நோக்கி நீட்டினாள் அவள். "நான் சித்தி வூட்டுக்குப் போறேன். அது போனாத்தான் வருவேன். இல்லாங்காட்டி அதோடயே குடும்பம் நட்த்து!" போட்டிருந்த நைட்டியோடு வேளச்சேரிக்கு ஆட்டோ ஏறிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான் அவள். போன தடவை கோபித்துக்கொண்டு போனவளை அழைத்துவர அவனுக்கு ஒரு மழைக்காலமே ஆயிற்று.

செம்பியன் தெருவில் நின்று யோசித்தான். பகலில் பெட்டிக்குள் தாழிட்டுக்கொள்கிற ஏதோ ஒன்று. சாயங்காலம் அது வெளியே உலாவப் போன சமயத்தில் அவன் தாழ்ப்பாளை மாற்றிவிட்டான். விடிந்ததும் அதற்குப் பதுங்க இடமில்லை.

பட்டறைக்குப் போனான். தாழ்ப்பாளை மறுபடி உள்பக்கமே பொருத்தினான். மூடியை அகலத் திறந்துவைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"வந்துடும்மா" என்று கிசுகிசுத்தான். "தப்பு என்னுதுதான்."

வீட்டுத் தாழ்ப்பாள் விலகியது.

அவன் முதுகுக்குப் பின்னால் துணி உரசிப் போனது.

பலகை முனகியது. மூடி இறங்கியது.

சர்ர்... டக்.

வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினான். உச்சிப்பொழுதுக்கு முன்பே பெட்டி அபிராமபுரத்தில் இருந்தது. மாமி அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தாழ்ப்பாளை மாத்தலையா?"

"அது அங்கதான் மாமி இருக்கணும். உள்ள யாரோ கீறாங்க."

மாமி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "யுத்தத்தப்போ ரங்கூன்லேந்து ஓடி வரச்சே, கப்பல்ல இடமில்லேன்னு பொண் குழந்தைகள் ரெண்டையும் இதுலதான் ஒளிச்சு வெச்சாளாம். யாரும் திறந்துடப்டாதுன்னு உள்பக்கம் தாழ்ப்பாள். அக்காவும் தங்கையும்."

"வந்து சேர்ந்தாங்களா?"

"பெட்டி வந்து சேர்ந்தது" என்றார் மாமி. "மருமாள் பயந்துப்பாளேன்னுதான் வெளியில மாத்தச் சொன்னேன். அதுகள் உங்காத்துலயே தங்கிடுமோன்னு ஒரு ஆசை."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா எடுத்துண்டு போயிருப்பேளா? காபி சாப்பிடறேளா?"

வேண்டாமென்று கிளம்பினான். அவனுக்கு வேண்டியது அன்புக்கரசி. வீட்டு வாசலில் பூட்டைத் திறந்துகொண்டே போன் போட்டான்.

"போயிடுச்சு கரசி. என் கையாலயே கொண்டும்போய் வுட்டுட்டேன். கெளம்பி வா."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினான்.

திறக்கவில்லை.

"ஆட்டோ புடிக்கட்டாய்யா?"

அவன் மறுபடி தள்ளினான். கதவுக்கு அந்தப் பக்கம், அவன் இடுப்பு உயரத்தில், நகத்தால் மெல்லச் சுரண்டும் சத்தம். அப்புறம் ஒரு குரல்.

"அக்காவை எங்க கொண்டுபோய் விட்டேள்?"

செம்பியனின் காதோடு ஒட்டியிருந்த போனில் அன்புக்கரசி கேட்டாள்:

"யாருய்யா அந்தக் கொயந்த?"