பூஜ்யத்தின் மேல் ஒரு சந்தேகம்

எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால், வீட்டில் அவளுக்குத் 'துருவி' என்றே பெயர் விழுந்துவிட்டது. வயது பத்து. "இன்னிக்கு மழை வரும்" என்று யாராவது சொன்னால், "யார் சொன்னா? எப்போ சொன்னாங்க? நிச்சயமாவா?" என்று மூன்று கேள்வி கேட்காமல் குடையைத் தொடமாட்டாள்.

அவளுக்குத்தான் பேக்கரிக்காரர் ஒரு நாய்க்குட்டியைக் கொடுத்தார். இரண்டரை மாதக் குட்டி. பழுப்பு நிறம். வயிறு எங்கே முடிகிறது, கால் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே உருண்டை என்று கூப்பிட்டார்கள்.

உருண்டையிடம் ஒரே ஒரு குறைதான். நினைத்த நேரத்தில், நினைத்த இடத்தில் ஒன்றுக்குப் போய்விடும். துருவி பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கட்டம் வரைந்து சமையலறைக் கதவில் ஒட்டினாள். வீட்டுக்குள் எத்தனை முறை நடந்தது என்று தினமும் சாயங்காலம் அதில் எழுதினாள். முதல் நாள் ஏழு. அடுத்த நாள் ஆறு. பிறகு எட்டு. பிறகு மறுபடியும் ஏழு.

ஐந்தாம் நாள் வந்தது வினை.

அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. ஒருவர் கோட்டு தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைத் துணி மேசையிலிருந்து சரிந்து தரையில் கிடந்தது. உருண்டை அதன்மேல் ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு நிதானமாகத் தன் வேலையை முடித்தது.

"போதும்!" என்று அப்பா கத்தரிக்கோலை மேசையில் வைத்த சத்தம் சமையலறை வரை கேட்டது. "இனிமே ஒரே ஒரு தடவை வீட்டுக்குள்ள போச்சுன்னா, பேக்கரிக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுவேன். அவர் ஏதாவது கிடங்குக் காவலுக்குக் குடுக்கட்டும். அங்க சங்கிலி போட்டுக் கட்டி வைப்பாங்க."

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை முடிந்து வந்திருந்த அம்மா அந்தத் துணியை எடுத்து வாளியில் முக்கினாள். உள்ளறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சித்தி, புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "இன்னிக்கு எத்தனை?" என்று துருவி பயந்துகொண்டே கேட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றார் அப்பா.

"ஒண்ணுகூட இல்ல," என்றாள் அம்மா.

"சுத்தமா இல்ல," என்றாள் சித்தி.

துருவி கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். தான் வீட்டில் இருந்த நேரமெல்லாம் குட்டியை வாசலிலேயே வைத்து விளையாடினாள். அதற்கு அடுத்த நாளும் பூஜ்யம். அதற்கடுத்த நாளும்.

வேறு பிள்ளையாக இருந்தால் துள்ளிக் குதித்திருக்கும். துருவிக்கு மூக்கு வேர்த்தது. ஏழும் எட்டுமாக இருந்தது, ஒரே ராத்திரியில் எப்படிப் பூஜ்யமாகும்?

நான்காவது பூஜ்யத்தன்று உருண்டையை ஊசி போட அழைத்துப் போனாள். "டாக்டர், குட்டி பழகறதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டாள்.

"நாளா?" என்று டாக்டரம்மா சிரித்தார். "நாலு மாசம் ஆகும். ஆறு மாசமும் ஆகும். சிலது ஒரு வருஷம்கூட இழுக்கும். இந்த வயசுல ரெண்டு, மூணு மணி நேரத்துக்கு மேல இதால அடக்கவே முடியாது."

துருவி விரல்விட்டு எண்ணினாள். அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பது எட்டு மணி நேரம்.

வீட்டுக்கு வந்ததும் தேடுதல் வேட்டை தொடங்கியது. பினாயில் பாட்டிலில் முந்தாநாள் அவள் போட்டு வைத்த பேனாக்கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் அளவு காலி. நேற்றைய செய்தித்தாளில் நடுப்பக்கம் காணோம். தரை துடைக்கும் துணி ஈரம்.

"சித்தி, நடுப்பக்கம் எங்க?"

"பக்கமா? எந்தப் பக்கம்? நான் அந்தப் பக்கமே போகல."

"அம்மா, பினாயில் ஏன் குறைஞ்சிருக்கு?"

"ஆவியாயிருக்கும்டீ."

"மூடி போட்டிருக்கே?"

"எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு, போ."

அப்பாவிடம் அவள் கேட்கவில்லை. கேட்டு, அவர் விசாரிக்கப் போய், உண்மை வெளியே வந்தால் உருண்டை கிடங்குக்கல்லவா போகும்? அம்மாவும் சித்தியும் சேர்ந்து அப்பாவை ஏமாற்றுகிறார்கள் என்று அவள் முடிவு கட்டினாள்.

மறுநாள் ஆசிரியர்களுக்குக் கூட்டம். பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டுவிட்டது. துருவி வாசல் வழியாகப் போகாமல் பின்பக்கச் சந்தில் நுழைந்து, சமையலறை ஜன்னலுக்குக் கீழே பதுங்கினாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் சமையலறை, உள்ளறைக் கட்டில், அப்பாவின் தையல் மிஷின் எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும்.

பன்னிரண்டேகாலுக்கு உருண்டை தூக்கம் கலைந்து எழுந்தது. நேராகத் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவ்வளவுதான், குளம்.

துருவி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்பாவின் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தாள்.

அப்பா கழுத்தில் டேப்போடு தரையில் மண்டியிட்டு, லைனிங் துணியில் மிஞ்சிய துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்! இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். "யாரும் பாக்கல," என்று குட்டியின் காதருகே கிசுகிசுத்தார். "நீயும் வெளிய சொல்லிடாத." சட்டைப்பையிலிருந்து பாதி பிஸ்கட்டை எடுத்து அதன் வாயில் வைத்தார்.

துருவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

உருண்டை சோறு தின்றது. தின்ற கையோடு உள்ளறையில் கட்டிலுக்குப் பின்னால் போனது. சித்தி எட்டிப் பார்த்தாள். செய்தித்தாளில் ஒரு தாளை உருவிக்கொண்டு குனிந்தாள். "உஷ்! மாமா காதுல விழப்போகுது."

ஒரு மணிக்கு அம்மா வேலை முடிந்து வந்தாள். சமையலறை வாசலில் மூன்றாவது குளம் தயாராக இருந்தது. கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே, துடைக்கும் துணியைக் காலால் தேய்த்து, பினாயிலை ஊற்றி, ஒரே நிமிடத்தில் காரியத்தை முடித்தாள். உள்ளே போகும்போது அவளும் ஒரு பிஸ்கட் போட்டாள்.

ஆக, மூன்று பேர். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்!

துருவிக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. உருண்டை தினமும் பாடம் படித்துக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டுக்குள் போனால் பிஸ்கட் கிடைக்கும் என்ற பாடம்! இப்படியே போனால் ஆறு மாதம் என்ன, ஆறு வருடம் ஆனாலும் அது பழகாது.

உண்மையைச் சொல்லலாம். சொல்லி, அப்பா தன் வாக்கைக் காப்பாற்றுவேன் என்று அடம்பிடித்தால்?

லைனிங் துண்டோடு மண்டியிட்டிருந்த அப்பாவை அவள் நினைத்துப் பார்த்தாள். அப்படிக் கிசுகிசுத்தவர் குட்டியைக் கிடங்குக்கு அனுப்புவாரா? மாட்டார். நிச்சயமாவா? அதுதான் தெரியவில்லை.

சாயங்காலம் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, துருவி சமையலறைக் கதவருகே போனாள். அன்றைய கட்டத்தில் பெரிதாக எழுதினாள்: மூன்று.

சித்திக்குப் புரை ஏறியது. அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யார் சொன்னா?" என்றார் அப்பா.

"நானே பாத்தேன். தையல் மிஷின் பக்கத்துல ஒண்ணு. கட்டிலுக்குப் பின்னாடி ஒண்ணு. சமையலறை வாசல்ல ஒண்ணு."

யார் துடைத்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்தார்கள்.

"அப்பா, ஒரு தடவை போனா அனுப்பிடுவேன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அந்தப் பேச்சு இருக்கிற வரைக்கும் இந்தத் தாள் பொய்தான் சொல்லும். பொய்க்கணக்கு பாத்து நான் எப்படி இதைப் பழக்கறது? டாக்டரம்மா ஆறு மாசம் ஆகலாம்னு சொன்னாங்க."

"ஆறு மாசமா!" அப்பா மோவாயைத் தடவினார். உருண்டை அவர் காலடியில் வந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டது. அப்பா எழுந்தார். துருவி உருண்டையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அவர் அவளிடமிருந்து பென்சிலை வாங்கினார். முதல் பூஜ்யத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் இரண்டு என்று எழுதினார். அடுத்த பூஜ்யத்தை அடித்தார். மூன்று.

"ஏங்க!" என்று அம்மா எழுந்தேவிட்டாள். "நீங்களுமா?"

"நீங்களுமான்னா என்ன அர்த்தம்? அப்போ நீயும்தானா?"

அம்மா பென்சிலைப் பிடுங்கினாள். அவள் எழுதி முடித்ததும் ஒரு கை மெதுவாக நீண்டது. அது சித்தியின் கை.

"அடேங்கப்பா! என் வீட்டுல எனக்குத் தெரியாம இவ்வளவு நடந்திருக்கா?" என்றார் அப்பா.

"மாமா, நீங்க அதைக் கேக்கலாமா?" என்றாள் சித்தி. அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, கோபத்துல சொன்னது. அனுப்பற பேச்சே கிடையாது, போதுமா?"

"நிச்சயமாவா?"

"நிச்சயமா!"

பூஜ்யங்கள் எல்லாம் ஐந்தும் ஆறுமாக மாறியிருந்தன. தாள் முழுக்கக் கிறுக்கல். இருந்தாலும் அன்றைக்குத்தான் துருவிக்கு அதன்மேல் நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகு அவள் சும்மா விடவில்லை. "எத்தனை மணிக்குப் போச்சு? தூங்கி எழுந்தா? சாப்பிட்டப்புறமா? எவ்வளவு நேரம் கழிச்சு?" என்று ஒவ்வொருவரையும் துளைத்தெடுத்தாள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒன்று புரிந்தது. தூங்கி எழுந்ததும் ஒரு முறை. தின்றதும் ஒரு முறை. விளையாடி முடித்ததும் ஒரு முறை. அந்த நேரங்களில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினால் போதும்.

வேலை பிரித்தாள். தூங்கி எழுந்தால் அப்பா. சாப்பிட்டால் சித்தி. மத்தியானம் விளையாடி முடித்தால் அம்மா. காலையிலும் சாயங்காலமும் அவள். வெளியே போனால் மட்டும்தான் பிஸ்கட். வீட்டுக்குள் போனால் திட்டும் கிடையாது, பிஸ்கட்டும் கிடையாது.

ஒரு மாதத்தில் ஐந்து மூன்றாயிற்று. இரண்டாம் மாதம் ஒன்றாயிற்று. விருந்தாளிகள் வந்த அன்று மறுபடி நாலுக்கு ஏறியது. யாரும் மறைக்கவில்லை. நான்காம் மாதத்தில் ஒரு வாரம் முழுக்கப் பூஜ்யம் வந்தது. ஐந்தாம் மாதம் உருண்டை தானாகவே வாசல் கதவைப் பிறாண்டத் தொடங்கியது.

அந்த மாதம்தான் ஒரு நாள், துருவி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அடைமழை. தெரு முனையில் திரும்பினால், எதிரே அப்பா. குடையை உருண்டைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து நின்றார். சட்டையில் குண்டூசிகள் குத்தியபடியே இருந்தன.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்கப்பா?"

"கால் மணி நேரமா. ஐயாவுக்கு ஈரமில்லாத இடம் வேணுமாம். தேடிட்டு இருக்கார்."

துருவியும் பக்கத்தில் நின்றுகொண்டாள். உருண்டை ஒரு கல்லை மோந்தது. ஒரு கம்பத்தை மோந்தது. தெருவையே இரண்டு தடவை அளந்தது. கடைசியில், மனசில்லாமல் ஒரு செடியருகே போய்க் காலைத் தூக்கியது.

"போயிட்டான்! போயிட்டான்!" என்று அப்பா சந்தோஷத்தில் கத்தினார்.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. "ஐயையோ! யாருங்க போனது?" என்று ஓர் அம்மாள் நெஞ்சில் கைவைத்துக் கேட்டார்.

"எங்க உருண்டை!" என்றாள் துருவி பெருமையோடு. "ஒண்ணுக்கு!"